இழுத்தலும் ஓட்டுதலும்: ஊர்தி வினைகள் இரண்டின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வ. உ. சிதம்பரம்பிள்ளைக்குத் தமிழ் மக்கள் சூட்டிய பெயர்கள் இரண்டு. ஒன்று, கப்பலோட்டிய தமிழன். மற்றது, செக்கிழுத்த செம்மல். 1906ஆம் ஆண்டிலே தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கொம்பனியை நிறுவி, ஆங்கிலக் கொம்பனியின் ஏகபோகத்துக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பற் போக்குவரத்தை நடத்தியவர் அவர். 1908இல் இராசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டபோது, கோயம்புத்தூர்ச் சிறையிலே மாடு செய்யும் வேலையை, அதாவது செக்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கும் வேலையை, அவர்மீது சுமத்தினர். இவ்விரு பெயர்களிலும் அமைந்துள்ள வினைகளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். கப்பலை அவர் தம் கையாற் செலுத்தவில்லை; அவர் மாலுமியல்லர், வழக்கறிஞர். ஆயினும் ‘ஓட்டியவர்’ அவரே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. செக்கையோ அவர் தம் தோளால் நகர்த்தினார். எண்ணெய் வடிந்தது அவருடைய வியர்வையினால். ஆனால் அங்கு ‘ஓட்டியவன்’ சிறைக் காவலன். அவர் வெறுமனே ‘இழுத்தவர்’. தொழிலைச் செய்யாதவன் ஓட்டுபவனாகவும் செய்தவன் இழுப்பவனாகவும் வழங்கப்படுவதில் நம் மொழி எவ்விதத் தடுமாற்றமும் கொள்ளவில்லை.

ஊர்தியொன்றை முன்னின்று நகர்த்தும் செயலுக்குத் தமிழிலே வினைச்சொற்கள் பல உள. ஈர்த்தல், வலித்தல், வாங்குதல், இழுத்தல் என்பன அவற்றுட் சில. அவை யாவும் இழுத்தலையே குறிப்பினும் வழக்கிலே அவை ஒரே இடத்தில் நிற்கவில்லை. இவற்றுள் அன்றாட வழக்கில் மிகப் பரந்து நிற்பதாகிய ‘இழு’ என்னும் வினை, யாருக்கு உரியதாயிற்று, யாருக்கு மறுக்கப்பட்டது, எங்கே மறைக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொல்லாராய்ச்சி என்பது அகராதிகளோடு முடிந்துவிடுவதொன்றன்று. ஒரு வினைக்கு எழுவாயாக யார் வந்து நிற்கிறார்கள் என்று கேட்டால், உழைப்பின் வரலாற்றில் ஒரு பகுதி அதற்குள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் ஏனைய வினைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘வாங்குதல்’ என்பது பண்டை இலக்கியங்களிலே வளைத்தல், இழுத்தல் என்னும் பொருள்களில் வழங்கியது. வில்லை வாங்குதல் என்றால் நாணை இழுத்து வளைத்தலே. இன்று அச்சொல் கடைத்தெருவுக்குச் சென்றுவிட்டது. ‘ஈர்த்தல்’ கவர்ச்சியைக் குறிக்கும் உயர்ந்த சொல்லாகி மேடைகளில் ஏறிவிட்டது. நிலத்தின் ஈர்ப்பு என விஞ்ஞான நூல்களிலும் இடம்பெற்றது. ‘வலித்தல்’ கடலோடிகளிடம் தங்கிற்று. தண்டு வலித்தல் என்பர். மலையாளத்திலே இன்றும் பொதுவாக இழுத்தலைக் குறிப்பது இச்சொல்லே. தமிழிலே ‘வலி’ என்னும் வடிவம் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும், இழுத்தலையும் குறிக்கும். இம்மூன்றும் ஒரே வேரினவா என்பதை மொழிநூலார் தீர்க்கட்டும். துடுப்பை நாள் முழுதும் வலித்த ஒருவனுக்கு அவை மூன்றும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

‘இழு’ என்பதோ எங்கும் பரவியது. அதற்கும் ‘ஓட்டு’ என்பதற்கும் இடையிலுள்ள இலக்கண வேறுபாடு கவனிக்கத்தக்கது. ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ அதன் பிறவினை. ஓட்டுபவன் ஒருவன் இருந்தால் ஓடுவது வேறொன்றாக இருக்கும். அதாவது, அவன் செய்விப்பவன். ‘இழு’ என்பதிலோ செய்பவனின் உடல் செயலிலிருந்து பிரிவதில்லை. இழுக்கப்படும் பொருளுக்குத் தானே இயங்கும் நிலையும் இல்லை, அது ‘இழுபடும்’. ‘படு’ என்னும் துணைவினை அதன் தலையில் ஏறிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே இச்சொல் பெறும் வாழ்வு வியப்புக்குரியது. தீராத வழக்கு இழுபடுகிறது. பிள்ளைகளோடு தாய் இழுபடுகிறாள். தொய்வு நோயாளிக்கு இழுக்கிறது. மரணப் படுக்கையிலே கிடப்பவருக்குச் சேடம் இழுக்கிறது. சீவியம் எப்படிப் போகிறதென்று கேட்டால், ‘ஏதோ இழுத்துக்கொண்டு போகிறது’ என்பதே விடை. இவ்வழக்குகள் அனைத்திலும் ஒரு பாரமும், ஒரு மேடும், முடியாத ஒரு வழியும் உட்பொருளாக நிற்கின்றன. அன்றாடப் பேச்சிலே மகிழ்ச்சியோடு இழுக்கப்படும் பொருள் மிக அரிது.

இனி வண்டிலுக்கு வருவோம். சங்க இலக்கியங்களிலே சரக்கு வண்டியைப் பற்றிய மிகத் தெளிவான காட்சிகள் உப்பு வணிகராகிய உமணரோடு தொடர்புற்றவை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வரிசையாகச் செல்லும் உப்பு வண்டிகளை அவற்றின் உறுப்புகளோடு வருணிக்கிறது. கைக்குழந்தையோடு ஒருத்தி பின்னிருந்து எருதுகளைத் துரத்துவதும் அங்கு வரும் காட்சியே. புறநானூற்றின் 102ஆம் பாடலிலே ஔவையார், நுகம் பழகாத இளைய எருதுகளையும் மிகுதியாகப் பாரம் ஏற்றப்பட்ட சகடத்தையும் கூறி, மேடுபள்ளங்களிலே என்ன நேருமோ என அஞ்சி உமணர் வண்டியின் கீழே கட்டிச்செல்லும் மாற்று அச்சினைத் தலைவனுக்கு உவமையாக்குகிறார். தலைவன் இங்கு அச்சு, எருது அல்லன். திருக்குறளோ (624) இடர்ப்பாட்டிலே தளராதவனை, தடைப்பட்ட இடமெல்லாம் வண்டியை இழுத்துச் செல்லும் பகட்டுக்கு ஒப்பிடுகிறது. அரசனை அச்சாகக் கண்ட மரபும், முயற்சியுடைய சாதாரண மனிதனைப் பகடாகக் கண்ட மரபும் அருகருகே இருந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் இழுக்கும் விலங்குக்கு இலக்கியம் ஓர் அறத்தகுதியை வழங்கியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அத்தகுதி அன்றாட வழக்கிலே நிலைத்ததாகத் தெரியவில்லை. வடபுலத்துக் கிராமங்களில் வண்டிலோடு தொடர்புடைய வினைகளைக் கேட்டுப் பாருங்கள். வண்டிலைப் பூட்டுவார்கள், அவிழ்ப்பார்கள், ஓட்டுவார்கள், சவாரி விடுவார்கள். இவை யாவும் மனிதன் செய்பவை. மாட்டுக்கு எஞ்சுவது ஒன்றே: அது இழுக்கும். ‘அவர் வண்டிலில் போனார்’ என்னும்போது அதுவும் மறைந்துவிடும். நுகமும் துலாவும் பூட்டாங்கயிறும் நாணயக்கயிறும் தனித்தனியே பெயர் பெற்றிருக்க, அவற்றினால் பிணிக்கப்பட்ட உயிரின் செயல் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறது. மாடு நினைவுக்கு வருவது அது இழுக்க மறுக்கும்போதுதான். ‘இந்த மாடு இழுக்காது’ என்பது தரகர் முன்னிலையில் அதன் விலையைக் குறைக்கும் வாக்கியம். சவாரி மாடு மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பெயரிருக்கும், தனித் தீனி இருக்கும், ஊரெல்லாம் புகழிருக்கும். ஆனால் சவாரி மாட்டை யாரும் ‘இழுக்கிறது’ என்று புகழ்வதில்லை. அது ‘ஓடுகிறது’, ‘பறக்கிறது’. பாரமற்ற வண்டிலை இழுப்பது இழுத்தலாகவே கருதப்படுவதில்லை போலும்.

இவ்விடத்தில் வண்டிலின் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். வண்டில் என்னும் தமிழ்ச்சொல்லோடு ‘கரத்தை’ என்னும் சொல்லும் இலங்கைத் தமிழில் வழங்கியது. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த இச்சொல்லின் உடன்பிறப்பே சிங்களத்திலுள்ள ‘கரத்தய’. ஊர்தியின் பெயர் அந்நியரிடமிருந்து வந்தது. அதை இழுக்கும் வினையை மட்டும் இரு இனத்தவரும் தத்தம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டனர். சிங்களத்திலே ‘அதினவா’ என்பது அவ்வினை. படம் வரைவதையும் அவ்வினையாற் கூறுவர். கோடு இழுத்தல் என்று நாமும் சொல்கிறோமன்றோ.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வினையின் பாரம் பன்மடங்கு பெருகிற்று. கோப்பித் தோட்டங்களின் விளைவு கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது மாட்டு வண்டிகளாலேயே. 1867இல் புகையிரதப் பாதை கண்டியை அடையும்வரை மலையகப் பொருளாதாரம் முழுவதும் எருதுகளின் கழுத்திலேயே தங்கியிருந்தது என்று சொல்வது மிகையாகாது. புகையிரதம் வந்த பின்னரும் நகரத்தினுள் வண்டியே சரக்கைச் சுமந்தது. 1906இல் கொழும்பு வண்டிக்காரர் செய்த வேலைநிறுத்தம், இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தனவின் நூலிலே (1972) தொடக்ககாலப் போராட்டங்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. தூத்துக்குடியிலே ஒருவர் கப்பலோட்ட முனைந்த அதே ஆண்டிலே கொழும்பிலே வண்டியோட்டிகள் வண்டிகளை நிறுத்தினர் என்பது ஆண்டுக் கணக்குகள் நமக்குத் தரும் சிறு வியப்பு. அவர்களுடைய பெயரும் ‘ஓட்டு’ என்பதன் அடியாகப் பிறந்ததே. முன்னே ஒரு விலங்கு நின்றதால், மிகத் தாழ்ந்த கூலி பெற்றவனும் ஓட்டுபவனாக இருக்க முடிந்தது.

அவ்விலங்கை அகற்றிவிட்டு மனிதனை நிறுத்தினால் வினை எவ்வாறு மாறுகிறது என்பதற்குச் சான்று, ரிக்ஷா. 1870ஆம் ஆண்டளவில் யப்பானிலே பெருவழக்குக்கு வந்த இவ்வூர்தியின் யப்பானியப் பெயரான ‘ஜின்ரிகிஷா’ என்பதற்கு மனித வலுவால் இயங்கும் வண்டி என்பது பொருள். பெயரிலேயே மனிதன் இருக்கிறான். ஆசியத் துறைமுக நகரங்களுக்குப் பரவி வந்த வழியிலே அப்பெயரின் முற்பகுதி உதிர்ந்தது. உதிர்ந்த பகுதியே மனிதனைக் குறித்தது! கொழும்புத் தெருக்களிலும் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ரிக்ஷாக்கள் ஓடின. ‘ஓடின’ என்று எழுதும்போதே என் பேனையும் அதே தவறைச் செய்கிறது. அவற்றை இழுத்து ஓடியவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புக்காக வந்த தமிழர்கள். இங்கு ‘ஓட்டுதல்’ என்னும் வினைக்கு இடமேயில்லை. ரிக்ஷாவை எவரும் ஓட்டுவதில்லை, இழுக்கிறார்கள். ஏறியிருப்பவர் ரிக்ஷாவைப் ‘பிடித்து’ அதிற் ‘போகிறார்’. மாட்டின் வினையை மனிதன் ஏற்ற அக்கணமே, ஏறியிருப்பவருக்கும் இழுப்பவனுக்கும் இடையே வண்டிக்காரன் நின்ற இடம் வெறிதாயிற்று. மாட்டு வண்டியிலே மூவர் இருந்தனர்: இருப்பவர், ஓட்டுபவர், இழுப்பது. ரிக்ஷாவிலே இருவரே.

தமிழகத்திலே 1973இல் மு. கருணாநிதியின் அரசு கைரிக்ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாக்களை வழங்கிற்று. இச்சீர்திருத்தத்தைப் பற்றிய அரசியல் மதிப்பீடு எவ்வாறாயினும், அதனால் நேர்ந்த மொழி மாற்றத்தை யாரும் மறுக்க இயலாது. நேற்றுவரை இழுத்தவன் இன்று மிதித்தான், மிதித்தவன் ஓட்டுபவனானான். அவனுடைய கால்களின் களைப்புக் குறைந்ததா என்பது வேறு கேள்வி. மேட்டிலே மூன்று பேரை ஏற்றிச் சைக்கிள் மிதிப்பது இலகுவான தொழிலன்று; அங்கு இறங்கி முன்னே நின்று இழுக்கவும் நேரும். எனினும் ஒருவன் ஆசனத்தில் அமர்ந்து, ஏறியிருப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழியைத் தீர்மானிக்கிறான் என்ற நிலையே வினையை மாற்றப் போதுமானதாயிற்று. 1971இல் வெளிவந்த ‘ரிக்ஷாக்காரன்’ படத்திலே எம். ஜி. இராமச்சந்திரன் சைக்கிள் ரிக்ஷாக்காரனாகவே தோன்றினார். கதாநாயகன் இழுப்பவனாக இருந்திருப்பின் அப்படம் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வீண் கற்பனையாகாது.

கொழும்பில் ரிக்ஷா மறைந்தபோதிலும் இழுக்கும் மனிதன் மறையவில்லை. புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களிலே அரிசி மூட்டைகளையும் துணிப் பொதிகளையும் கைவண்டில்களில் ஏற்றி இழுத்துச் செல்பவர்களை இன்றும் காணலாம். அவர்களுக்கு வழங்கும் பெயர் ‘நாட்டாமை’. சிங்களத்திலும் அச்சொல் ‘நாட்டாமி’ என்று வழங்குகிறது. தமிழகக் கிராமத்திலே நாட்டாண்மை என்பது தலைமைப் பதவி. தீர்ப்பு வழங்கும் அதிகாரம். அச்சொல் கொழும்பிலே பாரம் இழுப்பவனைக் குறிக்க வந்தது எவ்வாறு? கூலியாட் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவனைக் குறித்து நின்று, நாளடைவில் கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் உரியதாகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு முற்பகலிலே பிரதான வீதியின் ஓரமாக நின்று இவர்களைக் கவனித்தபோது ஒன்றை உணர்ந்தேன். வண்டிலின் முன்னே ஒருவர், பின்னே இருவர். முன்னே நிற்பவர் இழுக்கிறார் என்று சொன்னாலும், அவர் பெரும்பாலும் திசையைக் காட்டுகிறார். பாரத்தின் பெரும்பகுதி பின்னே தள்ளுபவர்கள்மீது விழுகிறது. இறக்கத்திலோ நிலைமை தலைகீழ். முன்னவர் குதிக்காலை ஊன்றி, தம்மை நோக்கி உருண்டு வரும் வண்டிலைத் தம் மார்பால் நிறுத்துகிறார். அச்செயலுக்கு நம்மிடம் தனி வினையில்லை. அதையும் ‘இழுத்தல்’ என்றே அழைக்கிறோம்.

இயந்திரங்களின் வருகை இச்சொல்லுக்கு முதன்முறையாக ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. நீராவி எஞ்சினின் ஆற்றலை அளக்க முற்பட்ட ஜேம்ஸ் உவாற்று குதிரையையே அளவுகோலாகக் கொண்டார். ஒரு செக்கனுக்கு 550 அடி இறாத்தல் வேலை ஒரு பரிவலு. இழுக்கும் விலங்கை வீதியிலிருந்து அகற்றிய இயந்திரம் அவ்விலங்கின் பெயராலேயே தன்னை அளந்துகொண்டது. இலங்கைப் பாடநூல்களிலே கயிற்றில் தோன்றும் விசை ‘இழுவை’ எனப்படும். அச்சொல்லோடு பரீட்சை மண்டபங்களில் நாம் மல்லுக்கட்டியுள்ளோம். லொறிச் சாரதிகளிடம் இதே சொல் வேறொரு தொனி பெறுகிறது: ‘நல்ல இழுவை உள்ள எஞ்சின்’ என்பது பாராட்டு. மாட்டிடமும் மனிதனிடமும் இழிவாக நின்றது இயந்திரத்திடம் திறமையாக மாறிற்று. பழுதுற்ற வாகனத்தை இன்னொரு வாகனத்தோடு பிணைத்துக் கொண்டு செல்வதற்கு மட்டும் தமிழில் ஒற்றைச் சொல் அமையவில்லை. ‘கட்டி இழுத்தல்’ என இரு வினைகள் தேவைப்படுகின்றன. உழவு இயந்திரம் பெட்டியை இழுப்பதும் அன்றாடக் காட்சியே. ஆயினும் வன்னியிலே 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த மக்களின் வீடுகள் அப்பெட்டிகளிலேயே ஏறியிருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு, அவ்வோசை வெறும் இயந்திர ஓசையாகக் கேட்பதில்லை.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. மனிதன் இழுப்பது இழிவாகவே கருதப்பட்டதெனின், ஊர் கூடி மனிதத் தோள்களால் நகர்த்தும் தேரைப் பற்றி என்ன சொல்வது?

மொழி இங்கு மிக நுட்பமாக நடந்துகொள்கிறது. தேர் இழுத்தல் என்ற வழக்கு உண்டு. ஆனால் மங்கல வழக்கு அதுவன்று. திருவிழா அறிவித்தல்களிலே அது ‘தேரோட்டம்’. தேர் ‘ஓடுகிறது’, ‘இருப்பை அடைகிறது’. ஆயிரம் பேர் இழுக்க, எழுவாயாகத் தேரே நிற்கிறது. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுவதும் வழக்கிலுள்ள மரபே எனத் தொல்காப்பியர் வினையியலிலே இதற்கு இடமளித்துள்ளார். திண்ணையை ஒருத்தி மெழுகியிருக்க, திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். இலக்கணத்தில் இது பிழையன்று. ஆனால் மெழுகியவள் யார் என்ற கேள்வி அவ்வாக்கியத்தில் எழுவதேயில்லை. தேர் ஓடிற்று என்னும்போதும் அவ்வாறே. இழுத்தவர்களைக் குறிப்பிட வேண்டிய இடத்திலோ வேறொரு வினை வந்துவிடுகிறது: அவர்கள் ‘வடம் பிடித்தார்கள்’. பிடித்தல் என்பதிலே பாரமில்லை, களைப்புமில்லை. வடத்தைத் தொட்ட முதியவரும் வடம் பிடித்தவரே. தோல் உரிய இழுத்த இளைஞனும் வடம் பிடித்தவனே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாட் திருவிழாவிலே 24ஆம் நாள் அதிகாலையில் வெற்றுடம்போடு திரளும் கூட்டத்தில் எவரும் தாம் பாரம் இழுக்கப் போவதாகச் சொல்வதில்லை.

பௌதிகம் வேறு வினையை அறியாது. நின்ற தேரை அசைப்பதற்கு, ஓடும் தேரை ஓட்டத்தில் வைத்திருப்பதைக் காட்டிலும் மிகுந்த விசை வேண்டும். ஆகவேதான் முதல் அசைவுக்கு எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தல் வேண்டும்; அரோகரா ஒலி அக்கணத்தைக் குறித்துக் கொடுக்கிறது. சில்லுகளுக்கு அடியிலே கட்டையிட்டுத் தேரைத் திருப்புபவர்களும் நிறுத்துபவர்களும் உயிரைப் பணயம் வைப்பவர்கள். அவர்களுக்கு ‘வடம் பிடித்தல்’ என்ற பெருமையும் கிட்டுவதில்லை. ஏறக்குறைய 300 தொன் எடையுள்ளதாகக் கூறப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு, அண்மைக் காலங்களிலே பின்னிருந்து தள்ளுவதற்குப் புல்டோசர்கள் பயன்படுகின்றன. அங்கும் மக்கள் முன்னே நின்று வடம் பிடிக்கிறார்கள். வேலையை இயந்திரம் பகிர்ந்துகொண்டது. பெருமையை அது பகிரவில்லை.

ஒரே உடற்செயல் ஓரிடத்தில் கூலியாகவும் இன்னோரிடத்தில் உரிமையாகவும் நிற்க முடியும் என்பது இதனாற் புலனாகிறது. உரிமையெனின், அது யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற வரையறையும் உடன் வரும். தமிழகத்தின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயிற் தேருக்கு வடங்கள் நான்கு. உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்னும் நான்கு நாட்டாருக்கும் ஒவ்வொன்று. தாழ்த்தப்பட்ட மக்களும் வடம் பிடிக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது பிணக்கு முற்றி, 1998 முதற் சில ஆண்டுகள் தேரோட்டம் தடைப்பட்டது. பின்னர் நீதிமன்றமும் காவற்றுறையும் தலையிட்டன. ஓடிய ஆண்டுகளும் உண்டு, ஓடாத ஆண்டுகள் அதிகம். நீண்ட இடைவெளிக்குப் பின் 2024 யூன் மாதத்திலே பெரும் பாதுகாப்புக்கு மத்தியில் தேர் ஓடிற்று. அம்மக்களின் முன்னோர் அதே மாவட்டத்தின் வயல்களிலும் வண்டிகளிலும் எத்தனை தலைமுறையாகப் பாரம் இழுத்திருப்பர்! அதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை.

நம் நாட்டின் கதையும் இதற்கு விலக்கானதன்று. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில் வழிபாட்டுக்கு ஒருவரைச் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. வாயில்கள் பல அதன்பின் திறந்தன. கோயிலின் உள்ளே செல்வதும் வடத்தைத் தொடுவதும் ஒன்றல்ல என்பது மெல்லத்தான் வெளிப்பட்டது. உள்ளே சென்று கும்பிடுபவர் தனியர். வடத்தைப் பிடிப்பவர் இன்னொருவரின் கைக்கு அடுத்ததாகத் தம் கையை வைக்க வேண்டும், தோளோடு தோள் உரச வேண்டும். கயிறு ஒன்றாக இருக்கும்போது அதன் இழுவை எங்கும் சமமாகவே இருக்கும் என்று பௌதிக ஆசிரியர் கற்பிப்பார். அச்சமத்துவமே சிலருக்குச் சகிக்க முடியாததாயிற்று.

2018இலே தென்மராட்சியிலுள்ள ஆலயமொன்றின் தேர்த் திருவிழாப் படங்கள் ஊடகங்களில் வெளியாயின. தேரின் முன்னே பக்தர் கூட்டம் இல்லை. மண் அகழும் இயந்திரமொன்று நின்றது. வடம் அதனோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரை வடம் பிடிக்க விடாமைக்காகவே இயந்திரம் கொண்டுவரப்பட்டது என்று பலர் குற்றம் சாட்டினர். இளைஞர்கள் வெளிநாடு சென்றுவிட்டதால் இழுப்பதற்கு ஆட்கள் போதவில்லை என்று விளக்கமும் கூறப்பட்டது. இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ஆட்கள் போதவில்லை என்று எண்ணியபோது யார் யாரை எண்ணினர்? போரினாலும் புலப்பெயர்வினாலும் ஊர்கள் வெறுமையாகியமை உண்மையே. அந்த வெறுமையை நிரப்ப அயற் கிராமத்திலிருந்து மனிதர்களை அழைப்பதா, வாடகைக்கு இயந்திரத்தை அழைப்பதா என்ற தெரிவு ஒன்று அங்கு நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

அச்செய்திகளையும் அவற்றுக்கு மக்கள் எழுதிய மறுமொழிகளையும் இக்கட்டுரைக்காகத் தேடிப் படித்தேன். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் தம்மை அறியாமலே ஒரு விடயத்தில் உடன்பட்டிருந்தனர். இயந்திரம் தேரை இழுத்தது என்றே இருசாராரும் எழுதினர். அது வடம் பிடித்தது என்று எழுதிய ஒருவரையும் நான் காணவில்லை.